கல்லாவில் உட்கார்ந்த அண்ணன்

மார்ச் 3

டிஸ்னி என்றால் நமக்கு வால்ட் மட்டும்தான். 1923இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அவரோடு சேர்ந்து தொழிலைத் தொடங்கிய ராயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எட்டு வயது மூத்தவர். கன்சாஸ் நகரத்தில் வங்கி வேலை பார்த்தவர். தம்பிக்குப் படம், அண்ணனுக்குக் கல்லா. சில நாட்களாக அவர்களுடைய போர்க்காலப் படங்களைத் தேடிப் பார்க்கிறேன். கண் திரையில் இருக்கிறது, மனம் கணக்குப் புத்தகத்தில். (நானும் ஓர் அண்ணன்தான், அந்தப் பாரபட்சம் இருக்கவே செய்யும்.)

மார்ச் 4

அமெரிக்கா போரில் இறங்கும் முன்பே அடி விழுந்துவிட்டது. 'ஸ்நோ ஒயிட்' கொட்டிக் கொடுத்த பணத்தில் பர்பேங்கில் புது ஸ்டுடியோ எழும்பியது. 1939இல் ஐரோப்பாவில் போர் மூண்டது. மறு ஆண்டு 'பினாக்கியோ', 'ஃபேன்டேசியா' இரண்டும் வந்தபோது அங்கே சந்தை மூடிக்கிடந்தது. ஒவ்வொன்றும் 20 லட்சம் டாலருக்கு மேல் விழுங்கிய படம். வங்கிக் கடன் 45 லட்சம் டாலர் அளவுக்கு ஏறியதை ராய் சொன்னபோது வால்ட் சிரித்துவிட்டாராம்: ஒரு காலத்தில் ஆயிரம் டாலர்கூட நமக்குக் கடன் தர ஆளில்லையே! கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் வங்கி வாசலில் போய் நிற்க வேண்டியவர் சிரித்தவர் அல்ல.

1940 ஏப்ரலில் முன்னுரிமைப் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். அதுவரை கடன் கொடுத்தவர் மட்டுமே கேட்ட கேள்வியை இனி பங்கு வாங்கியவரும் கேட்கலாம்.

மார்ச் 5

1941 மே மாதம் ஓவியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆகஸ்டில் வால்ட் அரசு ஆதரவில் தென் அமெரிக்கா புறப்பட்டார். சமரசப் பேச்சைக் கவனிக்கும் பொறுப்பு ராய் தலையில். அந்தச் செப்டம்பரில்தான் தந்தையும் இறந்தார். அக்டோபரில் வந்த 'டம்போ'வின் செலவு 10 லட்சம் டாலருக்கும் குறைவு. சிக்கனம் அதைக் கெடுக்கவில்லை. எனக்கு 'ஃபேன்டேசியா'வைவிட அதுதான் பிடிக்கும்.

மார்ச் 7

இன்று பார்த்தது விமானத் தகடுகளை இணைக்கும் ஆணி (ரிவெட்) அடிப்பது எப்படி என்ற படம். நகைச்சுவை இல்லை, டொனால்ட் வாத்து இல்லை. ஆணித்தலை வெளியே துருத்தாமல் தகட்டோடு சமமாக உட்கார நான்கு வழிகள், அவ்வளவுதான். விமானம் கட்டும் லாக்ஹீட் நிறுவனத் தொழிலாளர்களின் பயிற்சிக்காக எடுத்தது. சலிப்பாக இருக்கும் என்றுதான் உட்கார்ந்தேன், எழுந்திருக்க மனமில்லை. ஒரு கோடும் வீணாகவில்லை. பின்னணியும் முகபாவமும் போனபின் மிஞ்சுவது தெளிவு மட்டுமே. அதற்கும் கை தேர்ந்திருக்க வேண்டும்.

1941 டிசம்பரில் ஜப்பான் பியர்ல் துறைமுகத்தைத் தாக்கி அமெரிக்காவும் போரில் இறங்கியவுடன் ராணுவம் ஸ்டுடியோவுக்குள்ளேயே வந்து தங்கிவிட்டது. பக்கத்து லாக்ஹீட் ஆலைக்குக் காவல். பிறகு கடற்படை, தரைப்படை, கருவூலம் என்று வரிசையாக ஒப்பந்தங்கள். அரசு வேலையில் லாபம் பார்ப்பதில்லை என்பது வால்டின் பிடிவாதம். லாபம் இல்லாவிட்டாலும் ஆட்களுக்குச் சம்பளம் போட முடிந்தது. வருமான வரி கட்டச் சொல்லி டொனால்ட் டக் நடித்த 1942 படத்துக்கு நேர்ந்ததுதான் வேடிக்கை. அதற்கான 80,000 டாலரை ஒதுக்க நாடாளுமன்றம் மறுத்தது. திரையரங்குகள் அதை இலவசமாக ஓட்டியதால், காசுக்கு ஓட வேண்டிய டொனால்ட் படங்களின் வாய்ப்பும் போனது. தேசபக்திக்குத் தன் கையிலிருந்து வரி கட்டிய வாத்து!

மார்ச் 8

1943இல் வந்த, விமானப்படையால் வெற்றி என்று வாதிடும் முழுநீளப் படம். விமானப் போர் வல்லுநர் செவர்ஸ்கியின் நூலைப் படித்து வால்ட் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. யாரும் கேட்டு எடுத்ததல்ல. வழக்கமான விநியோகஸ்தர் ஒதுங்கிக்கொள்ள, வேறொருவர் மூலம் வெளியாகி நஷ்டம். வரைகலை அபாரம். ஆனால் குண்டு விழும் நகரங்களில் மனிதர்களையே காணோம். ஆணி அடிக்கும் படம் இதைவிட நேர்மையானது.

மார்ச் 10

1944இல் 'ஸ்நோ ஒயிட்' மறுபடி திரைக்கு வந்தது. புதிதாக ஒரு படம்கூட வரைய வேண்டாம். பிரதி எடுக்கும் செலவுதான். 1937இல் அதைப் பார்க்க முடியாத வயதில் இருந்த பிள்ளைகள் இப்போது அரங்கை நிறைத்தார்கள். இதில் எனக்குத் தெரிவது கல்லாக்காரர் புத்திதான். ஆனால் தம்பி அன்று அண்ணன் வயிற்றில் புளியைக் கரைத்துச் செலவு செய்யாமல் இருந்திருந்தால், ஏழாண்டு கழித்து விற்க என்ன இருந்திருக்கும்?

போர் முடிந்தும் கடன் தீரவில்லை. முழுநீளப் படங்களைத் தொடங்கியே தீரவேண்டும் என்றார் வால்ட். இப்போது வேண்டாம் என்றார் ராய். அடுத்து நான் பார்க்கப்போவது 'சிண்டரெல்லா'.