ஏழு பேனாக்கள்

இங்கிலாந்தில் கொரோனர் அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை எனக்கு. 2020 மார்ச்சில் ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டு, “கொரோனா ஆபீஸ்லயாடி இருக்க? லீவு போட்டுட்டு வீட்லயே கெட” என்றார். கொரோனர் என்றால் சந்தேகச் சாவை விசாரிக்கும் அதிகாரி என்று எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. உண்மையில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான், லத்தீனில் கிரீடம். இவர் மன்னரின் ஆள், அது கிரீடம் போலத் தெரிந்த கிருமி. அதைச் சொல்லி வம்பை வளர்க்கவில்லை.

பெரும்பாலான விசாரணைகளைக் கொரோனர் தனியாகவே முடித்துவிடுவார். 2009ஆம் ஆண்டுச் சட்டம் சில சாவுகளுக்கு மட்டும் ஜூரியை, அதாவது பொதுமக்களிலிருந்து கூட்டும் குழுவை, கட்டாயமாக்குகிறது. காவலில் இருந்தவர் இயற்கைக்கு மாறாகவோ காரணம் தெரியாமலோ இறந்தால், பணியில் இருக்கும் போலீஸ்காரரின் செயலாலோ செய்யத் தவறியதாலோ ஒருவர் இறந்தால், இல்லையென்றால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய விபத்து, நஞ்சு, நோயால் இறந்தால்.

அந்தக் கடைசி வார்த்தைதான் எங்களை உலுக்கியது. மார்ச் 5 அன்று கொரோனா அப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்ந்தது. கொரோனாவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இயற்கைச் சாவாக டாக்டர் சான்றிதழோடு போய்விடுவார்கள், எங்களிடம் வரவே மாட்டார்கள். ஆனால் வருகிற ஒவ்வொன்றுக்கும் 7 முதல் 11 பேரைக் கூட்டுவதா? கூட்டம் கூடாதே என்று நாடே கதவடைத்திருக்கும்போது?

மார்ச் 25 அன்று வந்த கொரோனா வைரஸ் சட்டத்தின் 30ஆம் பிரிவு அதைத் தீர்த்தது. ஜூரி விஷயத்துக்கு மட்டும் கோவிட் அறிவிக்க வேண்டிய நோய் அல்ல என்றது அது. டாக்டருக்கு ஒரு கணக்கு, எங்களுக்கு ஒரு கணக்கு! படித்துவிட்டுச் சிரித்தோம், பெருமூச்சும் விட்டோம். அந்தப் பிரிவின்மேல் எனக்கு இன்றும் குறையில்லை.

குறை வேறு இடத்தில். சிறைச் சாவுகளுக்கான ஜூரி அப்படியே இருந்தது. ஆனால் உட்காரவைக்க இடமில்லை. எங்கள் ஜூரி அறைக்கு ஜன்னல் கிடையாது. டேப் வைத்து இரண்டு மீட்டர் அளந்தால் நான்கு நாற்காலிக்கு மேல் போடமுடியவில்லை. வழக்குகள் தள்ளிக்கொண்டே போயின. சிறையில் மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா மாதத்தின் முதல் திங்கட்கிழமை தவறாமல் கூப்பிடுவார். “தேதி வந்துடுச்சா?” என்று மட்டும் கேட்பார். கிரிமினல் வழக்குகளுக்குச் சால்ஃபர்டில் லோரி தியேட்டரையே நீதிமன்றமாக்கினார்கள். எங்களுக்கு ஒரு ஹால் பிடித்துத் தர மேலே யாருக்கும் அவசரமில்லை. எத்தனை மின்னஞ்சல் போட்டிருப்பேன்!

கடைசியில் அந்த அம்மாவின் மகன் வழக்குக்கு ஒரு ஹால் கிடைத்தது. ஏழு பேர், தள்ளித்தள்ளி ஏழு மேசை, ஆளுக்கொரு பேனா. முன்பெல்லாம் ஒரே பேனா கைமாறும். ஏழில் ஐந்து பேர் ஒத்துப்போனாலே தீர்மானம் செல்லும், இவர்கள் ஏழு பேரும் ஒத்துப்போனார்கள். இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி என்று எழுதிய தாளில் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

மூன்றாவது ஆள் கையில் சானிடைசர் ஜெல் காயவில்லை. மை பரவி, பையனின் பெயர்மேலேயே ஊறிவிட்டது. புதுத்தாள் அச்சிட்டுத் திரும்பினால் ஒருவரைக் காணோம். பஸ் நிறுத்தம்வரை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன், அவர் பேனாவையும் கையில் எடுத்துக்கொண்டு.