ஃபெண்டானில் பேட்ச்சோடு ஆக்சிஜன் சேம்பருக்குள்

ரேடியேஷனுக்குப் பிறகு தாடை எலும்பு பட்டுப்போனவர்களை ஹைப்பர்பாரிக் ஆக்சிஜன் சிகிச்சைக்கு, அதாவது அழுத்தம் கூட்டிய சேம்பர் என்ற அறைக்குள் ஆக்சிஜனைச் சுவாசிக்கும் சிகிச்சைக்கு, அனுப்புவதுண்டு. வழக்கமாக 2 முதல் 2.4 வளிமண்டல அழுத்தம், சிட்டிங்குக்கு 90 நிமிட ஆக்சிஜன், மொத்தம் 30, 40 சிட்டிங். வலிக்கு ஃபெண்டானில் பேட்ச் (மார்பின் வகையைச் சேர்ந்த, மயக்கமும் தரக்கூடிய வலி மருந்தைத் தோல் வழியே இறக்கும் ஒட்டு) ஒட்டியிருந்தால், அதை என்ன செய்வது என்று வலி மருத்துவரும் சேம்பர் மருத்துவரும் முதல் நாளுக்கு முன்பே பேசி எழுதித் தர வேண்டும். சேம்பர் வாசலில் நின்று முடிவெடுக்கிற விஷயமல்ல இது.

வாசலில் நடப்பது என்ன? தீப்பிடிக்கும் என்று எண்ணெய், களிம்பு, பேட்ச் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்வார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் உரித்த பேட்ச்சைத் திரும்ப ஒட்டினால் ஓரம் தூக்கிக்கொள்ளும், மருந்து சரியாக இறங்காது. புதிது ஒட்டினாலும் வேலை செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். உரித்ததும் மருந்து நின்றுவிடுவதுமில்லை. தோலில் தேங்கியது இறங்கிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் பாதியாகக் குறையவே 17 மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். ஆக, தினமும் உரித்தால் அன்றைய மயக்க ஆபத்து குறையாது, அடுத்தடுத்த நாள் வலிதான் கூடும். சில மையங்களில் பருத்தித் துணியால் மூடி அனுமதிக்கிறார்கள். அறவே கூடாது என்றால் மார்பின் மாத்திரைக்கு மாறுவது மேல். அளவுக் கணக்கை மருத்துவரே போட வேண்டும்.

72 மணி நேரத்துக்கு ஒருமுறை பேட்ச் மாற்றுவதை சிட்டிங் முடிந்த மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீரால் கழுவி, ஈரம் காய்ந்தபின் ஒட்டி, உள்ளங்கையால் 30 விநாடி அழுத்துங்கள். அழுத்தம் ஏற்றும்போது சேம்பருக்குள் சூடு ஏறும். உடம்பில் சூடு கூடினால் மருந்தும் வேகமாக இறங்கும். காய்ச்சல் இருந்தால் சொல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது தூக்கக் கலக்கத்துக்குத்தான். மூச்சு மெதுவானால் கார்பன் டை ஆக்சைடு தேங்கி, மூளைக்கு ரத்த ஓட்டம் கூடி, ஆக்சிஜன் நச்சால் வலிப்பு வரும் வாய்ப்பு ஏறும். ஆக்சிஜன் எடுக்கும்போது விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. மூச்சைத்தான் எண்ண வேண்டும். அரைத்தூக்கத்தில் இருப்பவர் காதடைப்பு விடுபட எச்சில் விழுங்கவும் மாட்டார். தாடை இறுகியிருப்பதால் கொட்டாவியும் கைகொடுக்காது.

புதிதாக எந்த மாத்திரை சேர்த்தாலும் இரு மருத்துவருக்கும் சொல்லுங்கள். வாயில் பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோல், ரத்தத்தில் ஃபெண்டானிலை ஏற்றிவிடும். டிரமடால் என்ற வலி மாத்திரை வலிப்பைத் தூண்டும். சிட்டிங் போகப் போக வலி தணிந்தால், பழைய அளவே மயக்கும். அப்போது பேட்ச்சின் அளவைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.