எட்டாவது பாதி

நவம்பர் 8

இன்றும் கண் திறக்கவில்லை. மழை விட்டபாடில்லை.

நவம்பர் 9

படிவத்தில் 'நோயாளிக்கு உறவு' என்ற இடத்தில் மகள் என்று எழுதினேன். நான் சின்னம்மா என்று கூப்பிட்டதைக் கேட்டிருந்த நர்ஸ், "சொந்தப் பொண்ணாம்மா?" என்றாள். பதில் வரவில்லை எனக்கு. மூணுமாசம்தான் முந்திக்கொண்டான்: "நாங்க ஒன்பது பேரும் சொந்தம்தான், நீங்க டிரிப்ஸைப் பாருங்க."

அவனுக்கு அந்தப் பெயர் வைத்தது மூன்றாம் வகுப்பு வாத்தியார். அப்பா தன் இனிஷியலையே அவனுக்கும் போட்டுச் சேர்த்திருந்தார். பதிவேட்டில் ஒரே அப்பா, ஒரே குவார்ட்டர்ஸ் நம்பர், பிறந்த தேதி மட்டும் மூன்று மாசம் முன்னே பின்னே. "இது எப்படிடா?" என்று வகுப்பையே சிரிக்கவைத்தார். அன்றைக்கு வீடு வரைக்கும் நான் அவனுக்கு இருபதடி பின்னால் நடந்தேன்.

நவம்பர் 10

டவுனில் முழங்கால் தண்ணியாம். 1977 நவம்பர் மாதிரி இல்லை என்றாள் கேன்டீன் அம்மா. எனக்கும் காலையிலிருந்து அதே நினைப்பு.

அந்த வெள்ளத்தில் உறையூர் முழுகியதும் பெரியம்மா குடும்பத்தோடு பொன்மலைக்கு வந்துவிட்டாள். எங்களுடையது இரண்டே அறை. ஏற்கெனவே அப்பா, சின்னம்மா, அம்மா விட்டுப்போன நாங்கள் நாலு பேர், சின்னம்மாவோடு வந்த இரண்டு பேர், புதுசாய்ப் பிறந்து நடக்கப் பழகிய தம்பி. பெரியம்மா முதல் வேலையாக எங்கள் நாலு பேரையும் திண்ணையில் உட்காரவைத்துத் தலையில் பேன் பார்த்தாள். நாலு தலையை மட்டும்.

சின்னம்மா எல்லாவற்றையும் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 11

முட்டை. எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன்.

சம்பளம் வந்த ஞாயிறு, சந்தையிலிருந்து நாலு முட்டை வரும். அவித்து, தையல் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சின்னம்மா அறுப்பாள். கத்தியில் மஞ்சக்கரு ஒட்டிக்கொள்ளுமாம். எட்டுப் பாதி. பிள்ளைகள் ஏழு. எட்டாவது யாருக்கு?

பேன் பார்த்துக்கொண்டே பெரியம்மா கேட்டாள், நான் சொன்னேன்: "அவங்க பையனுக்குத்தான் முழுசாக் கிடைக்கும்." பார்த்தேனா? இல்லை. ஒன்பது வயசு. பெரியம்மா மடியில் அம்மா வாசனை அடித்தது, இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கவேண்டும்போல் இருந்தது.

அன்று ராத்திரி நடந்த சண்டையை எழுத மனசில்லை. 1975-ல் மாலை மாத்திக் கல்யாணம் பண்ணிக்கொண்ட அப்பா, எந்தக் கூட்டத்திலும் குரல் உயர்த்திப் பேசுகிறவர், அன்று வாயே திறக்கவில்லை.

அடுத்த சம்பள ஞாயிறு ஏழு முட்டை வந்தது. ஏழு தட்டில் ஏழு முழு முட்டை. நூல் இல்லை. அந்த மாசக் கடைசியில் மூன்று நாள் கஞ்சி. யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் என் முட்டையை மென்றேன், மென்றேன், இறங்கவில்லை.

நவம்பர் 12

எல்லோருக்கும் போன் போட்டேன். பெரியண்ணன்: "அப்பா டிபன் கேரியர்ல போகும்." ஞாயிற்றுக்கிழமை ஏதண்ணே டிபன்? "ஓவர்டைம் இருக்கும்ல." அக்கா: "பூனைக்கு." சின்னவனுக்கு நூல்கூட ஞாபகமில்லை. மூணுமாசத்திடம் மட்டும் கேட்கவில்லை. எதிர் நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்குகிறான்.

நவம்பர் 13

அதே.

நவம்பர் 14

குழாயை எடுத்துவிட்டார்கள். கரகரத்த குரலில் முதலில் கேட்டது பால் கார்டு. அலமாரி மேல் தட்டில் இருக்கிறதாம், பதினாறாம் தேதிக்குள் புதுப்பிக்க வேண்டுமாம். பிறகு, "அவன் சாப்பிட்டானா?"

"சின்னம்மா, அந்த முட்டை..." என்று ஆரம்பித்தேன். நேரம் முடிந்தது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மறுபடி ஐந்து மணிக்கு விடுவார்கள்.