கட்சி வெறுத்துப்போச்சு, ஓட்டை என்ன செய்வது?

"யாரு வந்தா இன்னா, நம்ம பைப்புல நல்ல தண்ணி வரப்போவுதா?" தேர்தல் நெருங்கினால் வடசென்னையின் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் முதலில் காதில் விழுவது இந்தப் பேச்சுதான். இந்தச் சலிப்பில் நியாயம் இருக்கிறது. 2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா இறந்ததிலிருந்து 2017 டிசம்பர் 24 வரை, இந்தப் பகுதிகள் அடங்கிய ஆர்.கே. நகர் தொகுதிக்கு எம்.எல்.ஏ. கிடையாது. நடுவில் ஏப்ரல் 12-ல் நடக்க வேண்டிய இடைத்தேர்தல், பணப் பட்டுவாடாவால் மூன்று நாள் முன்னதாக ரத்தானது. பக்கத்துப் பெரம்பூரின் எம்.எல்.ஏ., 2017 செப்டம்பரில் தகுதிநீக்கம் ஆன 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களில் ஒருவர். அங்கே இடைத்தேர்தல் வந்தது 2019 ஏப்ரலில். மாநகராட்சிக்கோ 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை கவுன்சிலர்களே இல்லை. ஆக, 2017 கடைசியில் மூன்று மாதம் இந்த இரண்டு தொகுதிகளிலும் கவுன்சிலரும் இல்லை, எம்.எல்.ஏ.வும் இல்லை; மக்கள் தேர்ந்தெடுத்த ஆளென்று இருந்தது எம்.பி. ஒருவர்தான்.

இதைப் பார்த்த மக்கள் வெறுத்துப்போவது இயல்பு. ஆனால் வெறுப்பு கட்சி மேல். ஓட்டு போடுவது ஒரு பதவிக்கு, ஒரு ஆளுக்கு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் பதவி. தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், உட்புறச் சாலை, கொடுங்கையூர் குப்பைமேடு எல்லாம் மாநகராட்சி, அதாவது கவுன்சிலரும் மேயரும். குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்தால் அது மெட்ரோவாட்டர். மாநில அரசின் வாரியம், எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேட்க வேண்டிய விஷயம். பட்டா வருவாய்த்துறையிடம், ஹவுசிங் போர்டு வீடு முன்பு குடிசை மாற்று வாரியம் என்றிருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம், இரண்டும் மாநிலம். துறைமுகமும் ரயில்வேயும் மத்திய அரசு, எம்.பி.யின் வேலை. வார்டு தேர்தலில் பட்டா வாங்கித் தருகிறேன் என்பவரும், எம்.பி. தேர்தலில் குப்பை அள்ள வைக்கிறேன் என்பவரும் தன் கையில் இல்லாததை விற்கிறார்கள்.

வடசென்னையின் பெரிய பிரச்சினைகள் எல்லாமே இரண்டு மூன்று அரசுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவை. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. மணலி சுத்திகரிப்பு ஆலை மத்தியப் பொதுத்துறை நிறுவனம். ஆலைக்கு இயக்க அனுமதி கொடுப்பது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மீனவர்களுக்கு நிவாரணம் கணக்கெடுப்பது மாநில அரசு. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டினால் துறைமுகம், நெடுஞ்சாலை ஆணையம், போக்குவரத்துப் போலீஸ் என மூன்று கை. ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவது இங்கே சுலபம். அதனால் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் "மாசைத் தடுப்பீங்களா" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை, யாராக இருந்தாலும் தடுப்பேன் என்றுதான் சொல்வார். "மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்குக் கொடுக்கும் அனுமதியின் நிபந்தனைகளைப் பற்றிச் சபையில் கேள்வி போடுவீங்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிகிறதா என்பதிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அடுத்து ஆள். வேட்புமனுவோடு கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரம்தான் நம் கையில் கிடைக்கும் ஒரே உருப்படியான ஆவணம். தேர்தல் ஆணையத்தின் தளத்திலும் 'நோ யுவர் கேண்டிடேட்' செயலியிலும் கிடைக்கும். மனு வாபஸ் முடிந்த பிறகு வாக்குப்பதிவுக்குக் குறைந்தது 14 நாள் இருக்கும், அது போதும். ஸ்கேன் கோணலாக இருக்கும், சிலது கையெழுத்தில் இருக்கும். ஒரே வேட்பாளர் இரண்டு மூன்று பத்திரம் போட்டிருந்தால் கடைசித் தேதியிட்டதைப் படியுங்கள்.

நேராகப் போக வேண்டிய இடம் வழக்குகள். வழக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பிரிவு எண்ணைப் பாருங்கள். 2024 ஜூலை 1-க்கு முந்தைய குற்றங்களுக்கு இந்திய தண்டனைச் சட்ட எண்கள்: 143 சட்டவிரோதக் கூட்டம், 188 அதிகாரி உத்தரவை மீறுதல், 341 வழிமறித்தல். இவை பெரும்பாலும் சாலை மறியல், ஆர்ப்பாட்ட வழக்குகள். தண்ணீருக்காகத் தெருவில் உட்கார்ந்தவர் மீதும் இதேதான் பாயும். 420 மோசடி, 307 கொலை முயற்சி, 506 மிரட்டல் வேறு கதை. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 189, 223, 126, 318, 109, 351 என்று மாறியிருக்கின்றன. பக்கத்துக் கட்டத்தில், நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைந்துவிட்டதா, அதாவது விசாரிக்க முகாந்திரம் உண்டென்று முறைப்படி பதிவு செய்துவிட்டதா என்றும் இருக்கும். எஃப்.ஐ.ஆர். மட்டும் இருப்பதும், குற்றச்சாட்டு வனைந்திருப்பதும் ஒன்றல்ல. எட்டு மறியல் வழக்கு உள்ளவரைவிட, குற்றச்சாட்டு வனையப்பட்ட ஒரு நில மோசடி வழக்கு உள்ளவர்தான் எனக்குப் பயம் தருபவர்.

வழக்கு உள்ளவரை நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று கட்சி காரணம் சொல்லி வெளியிட வேண்டும். 'ஜெயிப்பார்' என்பது மட்டும் காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடிப் படியுங்கள். ஒரு கட்சி தன் வாக்காளரை எவ்வளவு மதிக்கிறது என்பது அந்த நாலு வரியில் தெரியும்.

சொத்துப் பக்கத்தில் மொத்தத் தொகை பெரிதாக ஒன்றும் சொல்லாது. வாங்கிய தேதி, வாங்கிய விலை, பரம்பரைச் சொத்தா என்ற மூன்று கட்டங்கள்தான் பேசும். முன்பு போட்டியிட்டவர் என்றால் பழைய பத்திரத்தை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்; ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் நடத்தும் மைநேதா தளத்தில் பழையவை இருக்கும். ஐந்து வருடத்தில் புதிதாக வந்த சர்வே எண்களை, அதே பத்திரத்தில் இருக்கும் ஐந்து வருட வருமான வரிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். மனைவி அல்லது கணவர் கட்டத்தையும் விடாதீர்கள். அரசு ஒப்பந்தம் இருந்தால் அதைக் குறிக்கும் இடமும் உண்டு.

ஏற்கெனவே பதவியில் இருந்தவரென்றால் இன்னொரு வழி இருக்கிறது. எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி வருடம் 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். "வளர்ச்சி பற்றிய விவரம் தரவும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. "இந்தத் தொகுதியில், இந்த நிதியாண்டு முதல் இந்த நிதியாண்டு வரை, சட்டமன்ற உறுப்பினர் நிதியில் எடுத்த பணிகளின் பெயர், தெரு, மதிப்பீட்டுத் தொகை, செலவான தொகை, முடிந்த தேதி" என்று எழுதினால் பட்டியலாக வரும். அலுவலகம் மாறிப் போனாலும் 5 நாளில் சரியான இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். பதிலுக்குக் கெடு 30 நாள். அதனால் தேர்தல் தேதி அறிவித்த பிறகு போட்டால் தாமதம். மூன்று மாதம் முன்பே போடுங்கள். பட்டியல் வந்ததும் அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள்.

"ஆள் நல்லவர், கட்சிதான் சரியில்ல" என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறிச் சபையில் ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும். நம்பிக்கை வாக்கெடுப்பிலும் முக்கிய மசோதாக்களிலும் அந்த நல்லவரின் கை கட்சி சொன்ன பக்கம்தான் உயரும். கேள்வி கேட்பது, தொகுதி நிதி, அலுவலகத்தில் மனு வாங்குவது ஆகியவற்றில்தான் அவருக்குச் சுதந்திரம். சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் கட்சியைப் பாதியாவது கணக்கில் எடுக்காமல் முடியாது. வார்டு தேர்தலில் தாராளமாக ஆளைப் பார்த்துப் போடலாம் என்பது என் கருத்து.

நோட்டா? 2013 செப்டம்பர் 27 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த உரிமை, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது செய்யாததையும் தெரிந்துகொள்ள வேண்டும். நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தவர்தான். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காதவரின் டெபாசிட் பறிபோகும்; அந்தக் கணக்கிலும் நோட்டா சேராது. சிறிய கட்சிக்குப் போடும் ஓட்டு அப்படியல்ல. மாநிலம் முழுக்க 8 விழுக்காடு சேர்ந்தால், ஒரு தொகுதி ஜெயிக்காவிட்டாலும் மாநிலக் கட்சி என்ற அங்கீகாரம் கிடைக்கும். 2024 மக்களவைத் தேர்தலுக்குப் பிறகு நாம் தமிழர் கட்சிக்கு அங்கீகாரம் கிடைத்தது அப்படித்தான். தோற்கிற கட்சிக்குப் போட்டால் ஓட்டு வீண் என்ற பேச்சை நம்பாதீர்கள்.

அடுத்து, ஓட்டுக்குக் கொடுக்கும் பணக் கவர். வாங்கியவரும் குற்றவாளி, பாரதிய நியாய சன்ஹிதாவில் ஒரு வருடம் வரை சிறை. தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் புகார் செய்தால் 100 நிமிடத்தில் நடவடிக்கை என்பது விதி. கேலரியில் இருக்கும் பழைய படம் ஏறாது, அந்த இடத்திலேயே செயலிக்குள் எடுக்க வேண்டும். பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். "துட்டு வாங்கிட்டு மாத்திக் குத்துனா தெரிஞ்சிடும்" என்று மிரட்டுவது பலருக்கு உண்மையான பயம். மிரட்டுகிறவர்களிடம் இருப்பது படிவம் 20, அதாவது பூத் வாரியான கணக்கு. உங்கள் பூத்தில் எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்பதுவரை அதில் இருக்கும், தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் நீங்களும் பார்க்கலாம். அதற்குக் கீழே, இன்னார் இன்னாருக்குப் போட்டார் என்று எந்தக் காகிதத்திலும் கிடையாது. ஓட்டு மிஷினோடு இருக்கும் விவிபேட் கருவியில் அச்சாகும் சீட்டு கண்ணாடிக்குள் 7 வினாடி தெரிந்து பெட்டியில் விழும்; அதில் சின்னம் இருக்கும், உங்கள் பெயர் இருக்காது.

கடைசியாக, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், குறிப்பாகப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் வீடு மாற்றப்பட்டவர்கள். பெயர் விட்டுப்போயிருந்தால் படிவம் 6, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, சந்தேகத்துக்கு 1950 என்ற தொலைபேசி எண். வாக்குச்சாவடியில் "உங்க ஓட்டைப் போட்டுட்டாங்க" என்றால் திரும்பி வந்துவிடாதீர்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று தலைமை அலுவலரிடம் நிரூபித்து, டெண்டர் ஓட்டு கேளுங்கள். மிஷினில் அல்ல, காகிதச் சீட்டில் போட்டுத் தனி உறையில் வைப்பார்கள்.