தாருக்குக் கீழே

எங்கள் காருக்கு வழக்கமான சத்தங்கள் சில உண்டு. இடது கண்ணாடி ஆடுவது, மூன்றாம் கியரில் ஒரு முனகல், பின்கதவின் கிலுகிலுப்பு. எல்லாம் பழகிய சத்தங்கள், வீட்டு ஆட்களின் இருமல் மாதிரி. புரட்டாதிக் கடைசியில் ஒரு ஞாயிறு நிலாவெளிக்குப் போகும் வழியில், சாம்பல்தீவு தாண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது பின்னால் இடப்பக்கம் ‘டொக்’ என்றது. இது புதிது.

“புஷ் போயிருக்கும்” என்றார் இவர். எது நடந்தாலும் இவருக்குப் புஷ்தான், பொருத்துகளில் இருக்கும் அந்த றப்பர் வளையம்.

கார் 1985ஆம் ஆண்டு ரொயோட்டா கொரோலா, டீஎக்ஸ் வேகன். அப்பாவுடையது. அவர் கூட்டுறவுப் பரிசோதகராக இருந்தார். கிண்ணியாவுக்குப் போனால் இந்தக் காரைப் பாதையில், அதாவது வாகனம் ஏற்றும் மிதவையில், ஏற்றித்தான் கொண்டுபோவார். 2009இல் பாலம் திறக்கும்வரை அதுதான் வழி. பாதையில் ஏறும்போதும் இறங்கும்போதும் சில்லு உப்புத்தண்ணீரில் நனையாத நாளில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா வாளியோடு குந்தியிருந்து அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் அடிப்பார். “மேல மழை கழுவும். கீழ நாங்கதான் கழுவோணும்” என்பார். அவர் போன பிறகு அந்த வேலையை யாரும் செய்யவில்லை. யோசித்துப் பார்த்தால், எங்கள் காரின் அடிப்பக்கத்தை எங்களைவிட அதிகம் பார்த்தவர்கள் யுத்த காலத்தில் சோதனைச்சாவடிகளில் நீண்ட தடியில் கண்ணாடி கட்டிப் பிடித்தவர்கள்தான்.

பிள்ளைகள் கடலில் நிற்கும்போது நான் மணலில் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு சேவை நிலையத்தில் அடி முழுக்கக் கறுப்பாகத் தார் அடித்துத் தந்திருந்தார்கள். “இனிப் பத்து வருசத்துக்குக் குனிஞ்சு பார்க்கத் தேவையில்ல மிஸ்” என்றார்கள். நானும் சந்தோசமாகக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். குனிந்து பார்க்கவில்லை.

பின்அச்சைத் தாங்கும் வில்லுத்தகட்டின் முன்முனையை மாட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தார் கொஞ்சம் பொங்கியிருந்தது. ஆறிய பாலில் ஆடை சுருங்கினாற்போல. ஸ்குரூ ட்ரைவரால் மெல்ல அழுத்தினேன். குத்தவில்லை, அழுத்தினேன். பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது.

வெளியே இழுத்ததும் அதோடு கறள் வந்தது. தூளாக அல்ல, பராட்டா மடிப்பு மாதிரி அடுக்கடுக்காக. உள்ளங்கையில் விழுந்த துண்டை விரலால் நசுக்கினேன். ஈரம். அன்று மழை பெய்து மாதங்களாகியிருந்தது. கச்சான் காற்றில் முற்றத்து வேப்பிலைகூட முறுகிக் கிடக்கிற காலம். இதற்குள் மட்டும் எங்கேயிருந்து ஈரம்?

வெட்கக்கேடு என்னவென்றால், நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிற ஆள். இரும்பு கறள் பிடிப்பதை வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மகனீசியம் குளோரைட்டுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. திருகோணமலையில் இரவு என்றாலே ஈரம்தான். நாங்கள் இருப்பதோ உவர்மலையில். பெயரிலேயே உவர் இருக்கிறது.

தார் விசயத்தில் நடந்ததும் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். தார் காயக் காய இறுகி வெடிக்கும். வெடிப்பால் போகும் தண்ணீர் தாருக்கும் இரும்புக்கும் நடுவே பரவி நிற்கும். வெடிப்பின் வாயில் ஒட்சிசன் இருக்கிறது, உள்ளே போகப்போக இல்லை. ஒட்சிசன் குறைந்த இடம் அனோட்டாகும், அங்கேதான் இரும்பு கரையும். அதாவது கண்ணுக்குத் தெரிகிற வெடிப்பில் ஒன்றுமே இருக்காது, இரண்டு அங்குலம் தள்ளி, மூடிய தாருக்குக் கீழேதான் ஓட்டை விழும். இதைப் பரீட்சையில் பத்துப் புள்ளிக்குக் கேட்டிருக்கிறேன்.

நகருக்கு மெதுவாகத் திரும்பி வந்தோம். இவரைப் பிரேக்கைக் கூடியமட்டும் தொடவிடவில்லை. வில்லுத்தகடு அந்தப் பிடியோடு கழன்றால் பின்அச்சு ஒருபக்கம் விலகிவிடும். கதவில் வருகிற கறள் மானக்கேடு, அவ்வளவுதான். செசியில், வண்டியைத் தாங்கும் சட்டத்தில், வருகிற கறள் அப்படியில்லை. இந்த மாதிரிக் காரில் லொறிக்கு இருப்பதுபோல் தனியாகக் கழற்றுகிற செசி இல்லை. தகட்டை மடித்துப் பெட்டியாக ஒட்டியதுதான் முதுகெலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியும் அப்படித்தான்.

பாலையூற்றில் டிங்கர் வேலை, அதாவது கார்த் தகடு வெட்டி ஒட்டும் வேலை, செய்யும் ஒருவர் இருக்கிறார், நானா என்போம். கிண்ணியாக்காரர், அப்பாவைத் தெரியும். காரைப் பார்த்ததும் முதலில் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் போனார். டங், டங், டங், பொத். டங், பொத், பொத். நான் வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். எழும்பி வந்து கையைத் துடைத்தார்.

“டீச்சர், மூடினவன் செத்த எலிய மூடின மாதிரி மூடியிருக்கான்.”

பிறகு ஒரு சைக்கிள் கம்பியை எடுத்து, கதவுக்குக் கீழுள்ள பெட்டியின் அடியில் தாரைத் தேடித் தேடி ஓரிடத்தில் குத்தினார். பழுப்புத் தண்ணீர் ஓடி வந்தது. ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு வரும். தொழிற்சாலையிலேயே தண்ணீர் வடியவென்று விட்ட துளை அது. தார் அடித்தவர்கள் அதையும் சேர்த்து அடைத்திருந்தார்கள். மூன்று வருடமாக எங்கள் கார் தன் வயிற்றில் தண்ணீர் சுமந்து கொண்டு திரிந்திருக்கிறது.

விற்றுவிடலாமா என்று ஒரு இரவு கதைத்தோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களுக்கு வந்த மவுசு தெரிந்ததுதானே. அடியில் தாரும் மேலே மெழுகும் பூசி எத்தனை கார் கை மாறியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். வருடா வருடம் எமிஷன் டெஸ்டுக்குப் போகிறோம், புகையைப் பார்க்கிறார்கள். சொந்தக் காரின் அடியைக் குனிந்து பார்க்கச் சொல்லி எந்தத் தாளும் கேட்பதில்லை. இதை இன்னொருவர் தலையில் கட்ட மனம் வரவில்லை. சரி, செய்வோம் என்றாயிற்று.

வேலை ஒன்பது நாள் போனது. பின்னேரங்களில் பள்ளி விட்டு நேரே கராஜுக்குப் போவேன். கார் ஜக்கில் நிற்கவில்லை, நான்கு பக்கமும் சிலிப்பர் கட்டை அடுக்கி அதன்மேல் இருந்தது. வெறும் ஜக்கை நம்பி அடியில் போகிறவர்களை நானா வாயில் வந்தபடி ஏசுவார். பற்றரி கழற்றி, பெற்றோல் தாங்கி இறக்கி, இருக்கையும் கம்பளமும் வெளியே. முதல் இரண்டு நாளும் தாரைச் சுரண்டியதுதான் வேலை. மூன்று வாளி தார்.

இரண்டாம் நாள் பின்சீட்டுக்குக் கீழே, கால் வைக்கும் தரையில் ஒரு தகரத் துண்டு தெரிந்தது. பால்மாப் பேணியை வெட்டி விரித்து, சுற்றிவர ரிவெட் அடித்திருந்தது. ரிவெட் வரிசை அடிமட்டம் வைத்தாற்போல் நேர், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே இடைவெளி. நானா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. புடலங்கொடிக்குப் பந்தல் போடுவதென்றாலும் பென்சிலால் கோடு கீறிப் போடுகிற ஆள் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

கழற்றித் திருப்பினோம். உட்புறம் முழுக்கக் கெட்டியாகக் கிரீஸ். அதைத் துணியால் துடைத்தபோது ஆணியால் கீறிய எழுத்து: ‘தற்காலிகம் 8/96’.

அந்தத் தற்காலிகம் 29 வருடம் நின்றிருக்கிறது. ஓட்டையைச் சுற்றியிருந்த தரைத்தகடு அப்பா விட்டபடியே இருந்தது, ஒரு சென்றிமீற்றர்கூடக் கூடுதலாகத் தின்னவில்லை. பேணித் தகரத்தின் வெள்ளீய முலாம் இதைக் காப்பாற்றவில்லை. கீறல் விழுந்த இடத்தில் வெள்ளீயம் இரும்புக்கு எதிரிதான், அதை இன்னும் விரைவாகக் கரைய வைக்கும். காத்தது கிரீஸ். அது தார் மாதிரி இறுகி வெடிப்பதில்லை, வண்டி அதிர்ந்தால் கூடவே அசைந்து கொடுக்கும். ஒரு பக்கம் மூன்று வருடத் தாரில் உக்கிய செசி, அதற்கு ஒரு முழம் தள்ளி 29 வருடக் கிரீஸில் கிடந்த ஓட்டை. வகுப்பில் காட்ட இதைவிட நல்ல பரிசோதனை எனக்குக் கிடைக்காது.

ஆனாலும் பேணித் தகரத்துக்குப் பலம் கிடையாது. அதையும் மாற்றத்தான் வேண்டும் என்றார் நானா. மாற்றினோம்.

தகட்டின் தடிப்பைப் பற்றி எனக்கும் அவருக்கும் சின்ன வாக்குவாதம். தடித்ததைப் போட்டால் பலம்தானே என்று நான் மூன்று மில்லிமீற்றர் கேட்டேன். அவர் 16 கேஜுக்கு மேல் போகமாட்டேன் என்றார், அது ஒன்றரை மில்லிமீற்றர் சொச்சம். மெல்லிய தகட்டில் தடித்ததை ஒட்டினால் ஒட்டுகிற சூட்டிலேயே மெல்லியது எரிந்து போகும், எரியாமல் பிழைத்தாலும் ஓடும்போது ஒட்டின் ஓரத்தில் வெடிக்கும். “கிழிஞ்ச வேட்டிக்குச் சாக்குத் துண்டு வெச்சுத் தைப்பீங்களா டீச்சர்?” என்றார். அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

கதவுக்குக் கீழுள்ள பெட்டியை வெட்டமுதல் கதவு நிலைக்குக் குறுக்கே ஒரு இரும்புக் குழாயைத் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டார். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்து, வேலை முடிந்த பிறகு கதவு பூட்டாது. வெட்டும்போது ஓட்டையைப் பார்த்து வெட்டவில்லை, சத்தத்தைக் கேட்டு வெட்டினார். ‘டங்’ வரும்வரை. கையளவு ஓட்டை என்று நான் நினைத்தது முழங்கை நீளத்துக்குப் போயிற்று. நல்ல தகட்டின் ஓரத்தைப் பளிச்சென்று அராவி, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படும் இடத்தில் நாகம் (துத்தநாகம்) கலந்த பூச்சு. துறைமுகத்தில் கப்பலின் அடியில் நாகக்கட்டி பூட்டுவதும் இதற்குத்தான். முதலில் நாகம் கரையட்டும், இரும்பு இருக்கட்டும்.

ஐந்தாம் நாள் பின்னேரம் ஒட்டிக்கொண்டிருந்தபோது மறுபுறத்தில், உள்தரையில் ஒட்டியிருந்த சத்தம் அடக்கும் கறுப்புத் தகடு புகையத் தொடங்கியது. உள்ளே ஈரச்சாக்கோடு குந்தியிருந்த பெடியன் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் வாளித் தண்ணீரை ஊற்றினேன், பாதி அவன் மேல். ஆறு அங்குலம் கருகியதோடு போயிற்று.

கறள் ஏன் இப்படி வீங்கித் தள்ளுகிறது என்று அவன் அன்றைக்குக் கேட்டான். நல்ல கேள்வி. இரும்பு கறளானால் குறைந்தது இரண்டு மடங்கு இடம் கேட்கும், நீரேறிய கறள் அதைவிடக் கூட. இரண்டு தகட்டுக்கு நடுவில் அது வளர்ந்தால் தொழிற்சாலை ஒட்டைக்கூடப் பிளந்துவிடும். வில்லுத்தகட்டின் பிடி கழன்றதும் அப்படித்தான், ஒட்டுப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெறித்திருந்தன.

கடைசி நாள் எல்லாவற்றுக்கும் பூச்சு, பொருத்துகளுக்குப் பசை. தார் வேண்டவே வேண்டாம் என்று நானே சொன்னேன். பெட்டிகளுக்குள்ளே மெல்லிய குழாய் விட்டு மெழுகு கலந்த எண்ணெய் அடித்தோம். வடிகிற துளையால் அது சொட்டும்வரை அடிக்க வேண்டும், சொட்டினால்தான் உள்ளே எல்லா இடமும் போயிருக்கிறது என்று அர்த்தம். சேவை நிலையங்களில் கழிவு ஒயில் அடிப்பார்களே, கழுவின ஈரம் காயமுதலே அடித்து அந்தத் தண்ணீரையும் சேர்த்தல்லவா மூடுகிறார்கள். பற்றாததற்கு அது புஷ் றப்பரையும் ஊத வைக்கும். எல்லாமாக 92,000 ரூபாய். இவர் ஒன்றும் சொல்லவில்லை. புஷ்ஷும் மாற்றியதில் அவருக்குத் திருப்தி.

பேணித் தகரம் என் மேசை லாச்சியில் இருக்கிறது.

இப்போது ஐப்பசி, வாடை தொடங்க முதல் வலப்பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். நேற்றுப் பின்னேரம் பிளாஸ்டிக் பாயை விரித்து, சின்னச் சுத்தியலோடு அடியில் போனேன். முன்சில்லிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சாணுக்கும் ஒரு தட்டு. டங், டங், டங். பின்வில்லுத்தகட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஓரிடத்தில் மட்டும் சத்தம் லேசாக மாறுகிறது, ‘பொத்’ என்றும் சொல்ல முடியாது. வெண்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் திகதி எழுதி வைத்திருக்கிறேன்.