பாவம் என்று விட்டுவிடாதீர்கள்

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கும் எனக்கு, அவசர சிகிச்சையைவிட அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாட்கள்தான் கவலை. அதிலும் முயல், கினிப்பன்றி என்றால் கூடுதல் கவலை. அவற்றின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் ஒன்றும் தின்னாவிட்டாலே ஆபத்து. வலி வந்தால் தின்னாது, தின்னாவிட்டால் குடல் மந்தமாகும், வாயு சேர்ந்து வலி இன்னும் கூடும். நாங்கள் கொடுக்கும் மருந்து இதை ஒருமுறை நிறுத்தும். மறுபடி தொடங்காமல் பார்த்துக்கொள்வது வீட்டில் இருப்பவர்கள் கையில்.

ஒருமுறை ஒரு பெரியவர் பேத்தியோடு முயலைக் கொண்டுவந்தார். முதுகைக் கூனி, பல்லை நறநறவென்று கடித்தபடி பெட்டியின் மூலையில் ஒடுங்கியிருந்தது. உடம்புச் சூடு 38 டிகிரிக்கும் கீழே போயிருந்தது, முயலுக்கு 38.5 முதல் 40 வரை இருக்க வேண்டும். முதலில் சூடேற்றி, தோலுக்கடியில் திரவம் ஏற்றி, வலிக்கு ஊசி போட்டு, அப்புறம்தான் உணவு. மறுநாள் வீட்டுக்கு அனுப்பினோம். மாலையே போன் வந்தது. "மருந்தெல்லாம் சரியா குடுத்துட்டேம்மா. சாப்பாடுதான், வாயைத் திருப்பிக்குது. பாவம், பிடிச்சு வச்சு ஊட்ட மனசு வரல."

இதை எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மருந்தைக் கணக்காகக் கொடுப்பவர்களுக்கும் உணவு என்று வரும்போது கை தயங்குகிறது. வேண்டாம் என்கிற உயிருக்கு ஊட்டுவது கொடுமை என்று தோன்றுகிறது. நல்ல மனசுதான், ஆனால் இந்தச் சின்ன உயிர்களிடம் அந்த இரக்கம்தான் உயிரைக் குடிக்கும். "ஐயா, அதுக்குப் பசியே தெரியல. இங்க கொண்டு வாங்க, எப்படி ஊட்டணும்னு காட்டறேன்" என்றேன்.

துண்டில் சுற்றி மேசைமேல் வைத்தோம். நான்கு காலும் கீழே இருக்க வேண்டும். மல்லாத்தினால் உணவு மூச்சுக்குழலுக்குள் போகும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி ஒன்று உண்டு. சிரிஞ்சின் நுனியை அதில் பக்கவாட்டாக நுழைத்து, அரை மில்லி, மிஞ்சினால் ஒரு மில்லி. தாடை அசைந்து, மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். பேத்திதான் முதலில் பிடித்துக்கொண்டாள். "தாத்தா, மெல்லுது பாருங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் பெரியவர் கையில் சிரிஞ்சை வாங்கினார். ஊட்டி முடித்ததும் மோவாயைத் துடைக்கச் சொன்னேன். ஈரம் அப்படியே இருந்தால் தோல் புண்ணாகும்.

வீட்டுக்குப் போனவர்கள், "கண்ணு பளிச்சுனு இருக்கு" என்று மகிழ்ந்து சொல்வார்கள். நான் கேட்பது புழுக்கையை. முதலில் சிறிதாக, கருத்து, கெட்டியாக வரும். நாளாக நாளாகப் பெரிதாகி உருண்டையானால் குடல் வழிக்கு வருகிறது என்று பொருள். திராட்சைக் கொத்துபோல மென்மையாக வருவதை முயலே தின்றுவிடும். அதைத் தடுக்க வேண்டாம், அதில் சத்து இருக்கிறது. ஜோடி முயல் இருந்தால் பிரிக்காமல் பக்கத்திலேயே விடலாம், துணை இருந்தால் தெம்பாக இருக்கும். ஆனால் நடுவில் ஒரு கம்பித் தடுப்பு வையுங்கள், இல்லாவிட்டால் எது யாருடைய புழுக்கை என்றே தெரியாது. தினமும் ஒரே நேரத்தில் எடையும் பார்க்க வேண்டும். கினிப்பன்றி என்றால் வைட்டமின் சி-யும் மறக்கக்கூடாது. நம்மைப்போலவே அதன் உடம்பும் அதைத் தானாகத் தயாரிக்காது.

வீட்டில் மீந்த மாத்திரையை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். நமக்குச் சாதாரணமான அமாக்சிசிலின், முயலின் வாய்வழியே போனால் குடலின் நல்ல கிருமிகளைக் கெடுத்து உயிரையே எடுத்துவிடும்.

தானாகக் காய்ந்த புல்லை இழுத்து மென்று, எடையும் குறையாமல் நின்றால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு ஊட்டுவதை மெல்லக் குறைக்கலாம். அந்த முயலும் அப்படித்தான் தேறியது. ஆனால் வயிறு உப்பி இறுகி, புழுக்கையும் நின்றுபோனால் கதை வேறு. குடலில் அடைப்பு இருந்தால் ஊட்டுகிற உணவே வயிற்றை இன்னும் விரிக்கும். அப்போது சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு, நடுராத்திரி ஆனாலும் உடனே கொண்டு வாருங்கள்.