அப்டேட்டுக்குப் பிறகு ஹோம் பட்டன் வேலை செய்யவில்லையா? டிஸ்ப்ளேயை மாற்றிவிடாதீர்கள்

ஆண்ட்ராய்டு அப்டேட் முடிந்து போன் ஆன் ஆகிறது. ஹோம் பட்டனைத் தொட்டால் லேசாக அதிர்கிறது, பட்டனைச் சுற்றி வெளிர் வட்டம்கூட விரிந்து மறைகிறது. ஆனால் திரை அப்படியே நிற்கிறது. சமீபத்தில் திறந்த ஆப்களைக் காட்டும் ரீசன்ட்ஸ் பட்டனும் அதே கதைதான். பேக் பட்டன் மட்டும் ஒழுங்காக ஓடுகிறது. கடையில் காட்டினால் "டச் போச்சு, காம்போ மாத்தணும்" என்பார்கள், அதாவது டிஸ்ப்ளேயும் டச்சும் சேர்ந்த பாகத்தை. அவசரப்பட வேண்டாம். அந்த வட்டம் வந்தாலே, விரல் பட்டது போனுக்குத் தெரிந்துவிட்டது.

புதுப் போனை முதல்முறை ஆன் செய்யும்போது மொழி, வைஃபை, அக்கவுன்ட் எல்லாம் கேட்கும் அல்லவா? அதற்குப் பெயர் செட்டப் விசார்ட். அது முடிவதற்குள் யாரும் தாண்டிப் போய்விடக் கூடாது என்று ஆண்ட்ராய்டே ஹோமையும் ரீசன்ட்ஸையும் பூட்டிவைக்கிறது. முடிந்ததும் இரண்டு குறிப்புகளில் 1 என்று எழுதிக்கொள்ளும். ஒன்று யூசர்_செட்டப்_கம்ப்ளீட், இன்னொன்று டிவைஸ்_புரொவிஷன்ட். அப்டேட்டின் நடுவில் இந்த விசார்ட் பாதியில் விழுந்து, குறிப்பு 0 ஆக மாறித் தங்கிவிட்டால், பழைய போனும் தன்னைப் புதுப் போன் என்றே நினைத்துக்கொள்ளும்.

இதை உறுதிசெய்வது எளிது. மேலிருந்து நோட்டிஃபிகேஷன் திரையை இழுங்கள். வைஃபை, டார்ச் கட்டங்கள் முழுதாக விரியாது. அபவுட் போனில் பில்ட் நம்பரை 7 முறை தட்டிப் பாருங்கள்: புதிய பதிப்புகளில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்காது. பின்னோ பேட்டர்னோ வைக்காத போன் என்றால் லாக் திரையே வராது. இவையும் சேர்ந்திருந்தால் பிரச்சினை விசார்ட்தான்.

முதலில் விசார்ட்டை மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஒரு போனில் உள்ள ஆக்டிவிட்டிகளை, அதாவது ஆப்களின் உள்திரைகளை, பட்டியலிட்டுத் திறக்கும் ஆப் பிளே ஸ்டோரில் இலவசமாகவே உண்டு. நிறுவியதும் அங்கேயே ஓபன் கொடுங்கள். செட்டப் விசார்ட் என்று தேடினால் பழைய போன்களில் செட்டப்விசார்ட்டெஸ்ட்ஆக்டிவிட்டி என்ற வரி இருக்கும். அதைத் தொட்டால் வரவேற்புத் திரை வரும். வைஃபை, அக்கவுன்ட் எதையும் ஸ்கிப் செய்யலாம். ஆனால் கடைசித் திரைவரை போய் முடித்தே ஆக வேண்டும். நடுவில் பேக் அடித்து வெளியே வந்தால் குறிப்பு 0 ஆகவே நிற்கும்.

புதிய போன்களில் இது அனுமதி இல்லை என்று மறுக்கலாம். கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்ப விடும் யூஎஸ்பி டீபக்கிங் முன்பே ஆன் ஆகியிருந்தால் கணினி வழி இருக்கிறது. கணினியில் ஏடிபி என்ற கருவியை நிறுவி, போனைக் கேபிளில் இணைத்து, ஏடிபி ஷெல் என்ற அதன் கட்டளைத் திரையில் "செட்டிங்ஸ் கெட் செக்யூர் யூசர்_செட்டப்_கம்ப்ளீட்" என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 0 அல்லது நல் (மதிப்பே இல்லை) என்று வந்தால் நோய் பிடிபட்டது. கெட் இருந்த இடத்தில் புட் போட்டு, கடைசியில் 1 சேருங்கள். டிவைஸ்_புரொவிஷன்டுக்கும் இதேதான், ஆனால் செக்யூர் இருக்கும் இடத்தில் குளோபல் வர வேண்டும். இந்த ஒரு சொல்லை மாற்ற மறந்துவிடாதீர்கள். பிறகு ரீஸ்டார்ட். செக்யூரிட்டி எக்ஸப்ஷன் என்று பிழை வந்தால், சில போன்களில் டீபக்கிங்குக்குக் கீழே பாதுகாப்பு அமைப்புகளுக்கென்று தனி சுவிட்ச் இருக்கும். அதையும் ஆன் செய்ய வேண்டும்.

வைஃபை, டார்ச் கட்டங்கள் நன்றாக விரிகின்றன, ஹோம் மட்டும்தான் செத்திருக்கிறது என்றால் சந்தேகம் ஹோம் திரையைக் காட்டும் ஆப்பான லாஞ்சர் மேல் போக வேண்டும். டீஃபால்ட் ஆப்ஸில் ஹோம் ஆப்பைப் போனோடு வந்த லாஞ்சருக்கு மாற்றிப் பாருங்கள்.

எதற்கும் மசியாத போனுக்குத்தான் ஃபேக்டரி ரீசெட். படங்களையும் காண்டாக்டுகளையும் முதலில் எடுத்து வையுங்கள். போனில் இருக்கும் கூகுள் அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று வேறொரு கருவியில் லாகின் செய்து பார்த்துவிடுங்கள். ரிகவரி (போன் ஆன் ஆகும்போது பட்டன்களை அழுத்தி நுழையும் பழுதுபார்ப்பு மெனு) வழியாக ரீசெட் செய்தால், ஆண்ட்ராய்டு 5.1 முதல் பழைய அக்கவுன்ட்டைக் கேட்கும் பூட்டு இருக்கிறது. பாஸ்வேர்டு தெரியாவிட்டால் விசார்ட் அந்தத் திரையிலேயே நின்றுவிடும்.